மீனை விட்டால் மீன் குறையுமா?

குளத்தில் தூண்டில் போடுபவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முள்ளில் மண்புழுவைக் கோர்த்துத் தண்ணீரில் இறக்கிவிட்டு, தக்கை அசைகிறதா என்று பார்த்தபடி கரையில் உட்கார்ந்திருப்பார். மீன் பசியோடு வர வேண்டும். அவர் பொறுமையோடு காத்திருக்க வேண்டும்.

தூண்டில் போடுவதில் இன்னொரு முறையும் உண்டு. அதில் மண்புழு இல்லை. உண்ணத்தக்க இரை எதுவுமே இல்லை. முள்ளின்மேல் நூலையும் இறகையும் சுற்றிச் செய்த ஒரு பொய் ஈ மட்டுமே உண்டு. அதை உண்மையான ஈ என்று மீன் நம்பிக் கவ்வ வேண்டும். இது புதிய முறையன்று. ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஈலியன் என்னும் ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியா நாட்டு மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார்.

இம்முறைக்கு இன்று பெயர்பெற்று விளங்கும் ஆறுகளுள் ஒன்று மாடிசன். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் மாண்டானா மாநிலத்தில் இது ஓடுகிறது. பொய் ஈக்காக மட்டுமன்றி ஓர் ஆராய்ச்சிக்காகவும் இந்த ஆறு புகழ் பெற்றது. "ஆற்றில் மீன் குறைந்தால் பண்ணையிலிருந்து கொண்டுவந்து விட்டால் போயிற்று" என்று பெரும்பாலோர் நம்பியிருந்த காலம் அது. "அப்படி விடுவதாலேயே மீன் குறைகிறது" என்று அந்த ஆராய்ச்சி காட்டியது! இது எப்படி நடக்கும்? இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் மீனையும், அது தின்னும் ஈயையும், அது வாழும் நீரையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

குளிர்ந்த நீரின் மீன்

எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஃபயர்ஹோல், கிப்பன் என்னும் இரண்டு சிற்றாறுகள் கூடி மாடிசன் ஆறு பிறக்கிறது. ஏறக்குறைய 295 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஜெஃபர்சன், காலட்டின் ஆறுகளுடன் கலந்து, மிசௌரி என்னும் பேராறாக மாறுகிறது. வழி நெடுகக் கூழாங்கற்களும் பாறைகளும் நிறைந்த, தெளிந்த, குளிர்ந்த நீர். இங்கு வாழும் முக்கியமான மீன் ட்ரவுட். இது சால்மன் மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது.

ட்ரவுட்டுக்குக் குளிர்ச்சி ஏன் தேவை? மீன் சுவாசிப்பது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை. நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு மிகுதியாகப் பிராணவாயு அதில் கரையும். 10 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நீரில் 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரைந்திருக்க முடியும். 25 டிகிரியில் 8 மில்லிகிராம் அளவே கரையும். அதே நேரத்தில், நீர் சூடாகச் சூடாக மீனின் உடலில் நடக்கும் வேதி மாற்றங்கள் வேகமடைகின்றன. அதற்குப் பிராணவாயு கூடுதலாகத் தேவைப்படுகிறது. தேவை ஏறுகிறது, கிடைப்பதோ குறைகிறது. ஆகவேதான் ட்ரவுட்டுக்கு 10 முதல் 16 டிகிரி வரையுள்ள நீர் மிகவும் உகந்தது. 20 டிகிரியைத் தாண்டினால் அது துன்பப்படத் தொடங்குகிறது. ஆங்கிலேயர்கள் ட்ரவுட்டை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தபோது, தமிழகத்தில் நீலகிரியின் உயரத்தைத் தேடிச் சென்றதற்கும் இதுவே காரணம். அங்கே அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகத்தை அமைத்தனர்.

மாடிசன் ஆற்றில் இப்போது மிகுதியாக உள்ளவை வானவில் ட்ரவுட், பழுப்பு ட்ரவுட் என்னும் இரண்டு இனங்கள். உண்மையில் இவை இரண்டுமே அந்த ஆற்றுக்கு வந்தேறிகள். வானவில் ட்ரவுட்டின் தாயகம் பசிபிக் கடற்கரையை ஒட்டிய ஆறுகள். பழுப்பு ட்ரவுட்டின் தாயகம் ஐரோப்பா. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றைக் கொண்டுவந்து விட்டபின், அங்கேயே தோன்றி வாழ்ந்த கட்த்ரோட் ட்ரவுட்டும் கிரேலிங் மீனும் பெரும்பாலான பகுதிகளில் அருகிவிட்டன. ஆனால் வந்தேறிகள் பண்ணை வாழ்க்கையை மறந்து, தலைமுறை தலைமுறையாக ஆற்றிலேயே பிறந்து வளர்ந்து ஆற்று மீன்களாகிவிட்டன.

பெண் ட்ரவுட் தன் வாலால் கூழாங்கற்களைத் தள்ளிப் பள்ளம் பறித்து, அதில் முட்டையிட்டு, மீண்டும் கற்களால் மூடுகிறது. பழுப்பு ட்ரவுட் இலையுதிர் காலத்திலும், வானவில் ட்ரவுட் வசந்த காலத்திலும் முட்டையிடும். கற்களின் இடுக்கு வழியாகக் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டை பிழைக்கும். நீர் வற்றினாலும், சேறு வந்து இடுக்குகளை அடைத்தாலும் முட்டை அழிந்துவிடும்.

ஈசலைப் போல் ஒரு மாலை

மழை பெய்த மறுநாள் மாலையில் புற்றிலிருந்து ஈசல்கள் கூட்டம் கூட்டமாகப் பறப்பதை நாம் கண்டிருக்கிறோம். ட்ரவுட் வாழும் ஆறுகளில் ஏறக்குறைய இதே காட்சியைக் காட்டும் பூச்சி மே ஈ. ஆனால் இது மண்ணிலிருந்து வருவதில்லை; நீரிலிருந்து வருகிறது.

மே ஈயின் முட்டை ஆற்றின் அடியில் பொரிக்கிறது. வெளிவரும் இளம் உயிரிக்கு நிம்ஃப் என்று பெயர். இது கற்களைப் பற்றிக்கொண்டு பாசியைத் தின்று, பல மாதங்கள் நீருக்கடியிலேயே வளர்கிறது. உரிய காலம் வந்ததும் நீர்மட்டத்துக்கு வந்து, தோலை உரித்து, இறக்கையோடு வெளிப்படுகிறது. இறக்கை உலரும்வரை சிறிது நேரம் நீரின்மேல் மிதந்து செல்கிறது. பிறகு பறந்துபோய் மரத்தில் அமர்ந்து, மறுபடியும் ஒரு முறை தோலுரிக்கிறது. இறக்கை வந்த பிறகும் தோலுரிக்கும் பூச்சி இன்று உலகில் இது ஒன்றுதான். வளர்ந்த ஈக்கு உண்ணும் வாய் கிடையாது. அது இணைந்து, நீரில் முட்டையிட்டு, ஓரிரு நாளில், சில இனங்களில் சில மணி நேரத்தில், இறந்துவிடுகிறது.

மே ஈயைத் தவிரக் காடிஸ் ஈ, கல் ஈ முதலியனவும் இவ்வாற்றில் ஏராளம். கல் ஈக்களுள் மிகப் பெரியதான சால்மன் ஈ, மூன்று நான்கு ஆண்டுகள் நீரடியில் நிம்ஃபாக வாழ்கிறது. பின் ஜூன் இறுதியையொட்டிக் கரையேறிக் கற்களிலும் புதர்களிலும் தோலை உரித்துப் பறக்கிறது. அந்த நாட்களில் ட்ரவுட்டுகளுக்குப் பெருவிருந்துதான்.

ஆகவே எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்தப் பூச்சி எந்தப் பருவத்தில் இருக்கும் என்பதை அறியாமல் பொய் ஈயைக் கட்ட முடியாது. ட்ரவுட் நிம்ஃபைத் தின்றுகொண்டிருக்கும் வேளையில், மேலே மிதக்கும் ஈயை அது ஏறெடுத்தும் பார்க்காமல் போகலாம். எனவே இம்முறையில் மீன் பிடிப்பவர் முதலில் செய்யும் வேலை, ஆற்றில் இறங்கிக் கல்லைப் புரட்டிப் பார்ப்பது! அடியில் ஒட்டியிருக்கும் உயிர்களைக் கண்டபிறகே எந்த ஈயைக் கட்டுவது என்று தீர்மானிப்பார்.

மீன் காணும் உலகம்

நீருக்குள் இருக்கும் ட்ரவுட் மேலே பார்த்தால் என்ன தெரியும்? ஒளிவிலகலைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். நீருக்குள்ளிருந்து காற்றுக்குச் செல்லும் ஒளிக்கு மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 49 டிகிரி. ஆகவே வெளியுலகம் முழுவதும் மீனுக்குத் தலைக்கு மேலே ஒரு வட்டமான சாளரத்துக்குள் அடங்கித் தெரியும். மீன் 1 மீட்டர் ஆழத்தில் இருந்தால் அந்தச் சாளரத்தின் விட்டம் 2¼ மீட்டர்தான். அதற்கு அப்பால் நீர்ப்பரப்பு, முழு அக எதிரொளிப்பால், ஆற்றின் அடிப்பகுதியைக் காட்டும் கண்ணாடியாகிவிடுகிறது.

மிதந்து வரும் ஈயின் கால்கள் நீர்ப்பரப்பைச் சிறிது அமுக்குகின்றன. ஈ சாளரத்துக்குள் வருமுன்பே, அந்தக் கண்ணாடியில் ஒளிப்புள்ளிகளாக அக்கால்களின் தடம் மீனுக்குத் தெரிந்துவிடும். பொய் ஈயில் சேவலின் கழுத்து இறகைச் சுற்றுவது வெறும் அழகுக்காக அன்று. அதன் மயிரிழைகள் நீரின் பரப்பு இழுவிசையால் ஈயை மிதக்கச் செய்வதோடு, கால்களைப் போலவே நீர்ப்பரப்பில் தடம் பதிக்கின்றன.

கரையில் நிற்கும் மனிதனும் அந்தச் சாளரத்தின் விளிம்பில் தெரிவான். தாழ்வாக இருக்கும் பொருள் விளிம்பில் நசுங்கி மங்கலாகத் தெரியும். எனவே மீனை நெருங்குபவர் குனிந்து செல்கிறார். ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்பதால், அதற்குப் பின்புறமாக, அதாவது ஓட்டத்தின் கீழ்ப்புறத்திலிருந்து செல்கிறார்.

எடையில்லாததை எறிவது எப்படி?

ஒரு கல்லைத் தூர எறியலாம். ஓர் இறகை எறிய முடியுமா? பொய் ஈயோ இறகைப் போன்றது. இங்கே எறியப்படுவது ஈ அன்று, அதைத் தாங்கும் கயிறு. இதற்கென்றே கனமான, பிளாஸ்டிக் பூசிய கயிறு செய்யப்படுகிறது. முற்காலத்தில் பட்டுக் கயிறு பயன்பட்டது. நீண்டு வளையும் கோலால் கயிற்றைப் பின்னால் வீசி, அது நீண்டு விரிந்ததும் முன்னால் வீசினால், சாட்டையின் நுனிக்கு விசை செல்வதைப் போலக் கயிற்றின் வழியே விசை ஓடி நுனியை அடைகிறது. கயிற்றின் முனையில் கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய நைலான் நரம்பும், அதன் நுனியில் ஈயும் இருக்கும். எல்லாம் சரியாக அமைந்தால் ஈ நீரின்மேல் ஓசையின்றி விழும்.

விழுந்த பிறகுதான் உண்மையான சிக்கல். ஆற்றின் நீர் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நடுவில் வேகம், பாறைக்குப் பின்னாலும் கரையோரத்திலும் மெதுவு. ட்ரவுட் மெதுவான நீரில் நின்றுகொண்டு, பக்கத்தில் வேகமான நீர் கொண்டுவரும் பூச்சிகளைப் பிடிக்கும். ஓட்டத்தை எதிர்த்து நீந்துவதில் செலவாகும் சக்தி, தின்பதால் கிடைக்கும் சக்தியைவிடக் குறைவாக இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே நல்ல இடம் கிடைப்பதே ட்ரவுட்டுக்கு வாழ்வு. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கயிறு வேகமான நீரின்மேலும் ஈ மெதுவான நீரின்மேலும் கிடந்தால், கயிறு ஈயை இழுத்துச் செல்லும். உண்மை ஈ எதுவும் நீரைக் கிழித்துக்கொண்டு அப்படிப் போகாது. ஆற்றில் வளர்ந்த ட்ரவுட் உடனே ஒதுங்கிவிடும். பண்ணையில் கையால் தீனி போட்டு வளர்த்த மீனோ இவ்வளவு பார்ப்பதில்லை.

எண்ணிப் பார்த்த விஞ்ஞானி

பண்ணையில் வளர்த்த ட்ரவுட்டுகளை மாண்டானாவின் ஆறுகளில் பல ஆண்டுகளாக விட்டுவந்தார்கள். பிடிக்கும் அளவுக்கு வளர்ந்த மீன்களை வண்டிகளில் கொண்டுவந்து ஆற்றில் கொட்டுவார்கள். மீன் பிடிப்போருக்கு மகிழ்ச்சி. அவர்களை நம்பிக் கடையும் விடுதியும் வைத்திருப்போருக்கும் மகிழ்ச்சி.

1960களின் பிற்பகுதியில், மாண்டானா அரசின் மீன்வளத் துறையைச் சேர்ந்த ரிச்சர்ட் வின்சென்ட் என்னும் உயிரியல் விஞ்ஞானி மாடிசன் ஆற்றின் மீன்களைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். ஓடும் ஆற்றில் மீனை எண்ணுவது எப்படி? நீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அருகிலுள்ள மீன்கள் மின்வாயை நோக்கி இழுக்கப்பட்டுச் சற்று மயங்கும். அவற்றை வலையால் அள்ளி, அளந்து, துடுப்பில் சிறு அடையாளம் வெட்டி, மறுபடியும் ஆற்றில் விடுவார்கள். சில நாள் கழித்து மீண்டும் பிடிப்பார்கள். உதாரணமாக, முதலில் 100 மீன்களுக்கு அடையாளம் இட்டதாகக் கொள்வோம். இரண்டாம் முறை பிடித்த 80 மீன்களில் 10 மீன்களுக்கு அடையாளம் இருக்கிறது; அதாவது எட்டில் ஒன்று. அப்படியானால் ஆற்றிலுள்ள மொத்த மீன்களிலும் எட்டில் ஒன்றே நாம் அடையாளமிட்டவை என்று கொள்ளலாம். மொத்தம் 800 மீன்கள்!

இவ்வாறு எண்ணியபோது, பண்ணை மீன்களை விடும் பகுதிகளில் ஆற்று மீன்கள் குறைவாக இருப்பதை வின்சென்ட் கண்டார். இது தற்செயலாக இருக்கலாமே? அதைச் சோதிக்க இரண்டு இடங்களில், ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு சோதனைகளைச் செய்தார். மாடிசன் ஆற்றின் வார்னி என்னும் பகுதியில், ஆண்டுதோறும் மீன் விடுவதை 1970 முதல் நிறுத்தினார். அருகிலுள்ள ஓடெல் என்னும் ஓடையில் அதற்குமுன் மீன் விடும் வழக்கமில்லை. அங்கே 1970 முதல் 1972 வரை பண்ணை மீன்களை விட்டார்.

முடிவு தெளிவாக இருந்தது. மீன் விடுவதை நிறுத்திய வார்னியில், சில ஆண்டுகளில், ஆற்றில் பிறந்த ட்ரவுட்டுகளின் தொகை இரு மடங்குக்கும் மேலாகப் பெருகியது. மீன் விட்ட ஓடெல் ஓடையிலோ, வளர்ந்த பழுப்பு ட்ரவுட்டுகளின் தொகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

ஏன் குறைந்தன?

மேலே நினைவில் வைக்கச் சொன்னது இங்கே உதவுகிறது. ஆற்று ட்ரவுட்டுகளிடையே யார் எந்தப் பாறைக்குப் பின்னால் நிற்பது என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. பெரிய, வலிய மீனுக்கு நல்ல இடம்; மற்றவை ஒதுங்கிப் போகும். இதனால் வீண் சண்டை குறைகிறது. பண்ணைத் தொட்டியில் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்து வளர்ந்த மீனுக்கு இந்த ஒழுங்கு தெரியாது. அது கூட்டமாக வந்து முட்டி மோதுகிறது. ஆற்று மீன் தன் இடத்தைக் காக்கப் போராடிச் சக்தியைச் செலவிடுகிறது, அல்லது இடத்தை இழந்து வேகமான நீரில் அலைகிறது. உணவு அரிதான கடும் பனிக்காலத்தை அதனால் தாண்ட முடிவதில்லை. தள்ளிவிட்ட பண்ணை மீனாவது பிழைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. ஆற்றில் வாழக் கற்காத அம்மீன்களில் பெரும்பாலானவை அடுத்த ஆண்டைக் காண்பதில்லை.

இந்த முடிவைப் பலர் ஏற்கவில்லை. மீன் பிடிப்போரும் வணிகர்களும் கடுமையாக எதிர்த்தனர். "மீன் விடாவிட்டால் மீன் எப்படிப் பெருகும்?" என்ற கேள்விக்கு வாதத்தால் விடை சொல்ல முடியாது. எண்ணிக்கைதான் விடை சொன்னது. ட்ரவுட் தானாகவே இனம் பெருக்கும் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதை 1974இல் மாண்டானா அரசு நிறுத்தியது. மீன் விடும் பணத்தையும் உழைப்பையும் நீரையும் கரையையும் காப்பதில் செலவிடலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

வந்த சோதனைகள்

ஆற்றைக் காப்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. 1994இல் மாடிசன் ஆற்றில் சுழல்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பாவில் தோன்றிய ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி இதற்குக் காரணம். அது தன் வாழ்வில் ஒரு பகுதியைச் சேற்றில் வாழும் டியூபிஃபெக்ஸ் என்னும் புழுவிலும், மறுபகுதியை ட்ரவுட்டிலும் கழிக்கிறது. மீன் குஞ்சின் குருத்தெலும்பைத் தாக்குவதால், குஞ்சு தன் வாலைத் தானே துரத்துவதுபோல் சுழன்று இறக்கும். மேல் மாடிசனில் வானவில் ட்ரவுட்டுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அழிந்தன. நெடுங்காலம் அந்த ஒட்டுண்ணியோடு ஐரோப்பாவில் வாழ்ந்து பழகிய பழுப்பு ட்ரவுட் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. பின்னர் நோயைத் தாங்கவல்ல வானவில் ட்ரவுட்டுகள் பிழைத்து இனம் பெருக்கவே, அவற்றின் தொகை ஓரளவு மீண்டது. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு நம் காலத்திலேயே நடப்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

2021 நவம்பர் 30 அன்று இன்னொரு விபத்து. ஹெப்ஜென் அணையின் மதகுக் கருவி உடைந்ததால் கீழே ஓடிய நீர் திடீரென்று குறைந்தது. பழுப்பு ட்ரவுட் முட்டையிட்ட பருவம் அது. கூழாங்கல் மேடுகள் வெளியே தெரிந்தன. குட்டைகளில் மீன்கள் சிக்கித் தவித்தன. செய்தி கேட்ட மக்கள் வாளிகளுடன் ஓடிவந்து, குளிரில் நின்று மீன்களை அள்ளி ஆற்றின் நடுவில் விட்டனர்.

கோடையில் நீர் சூடாவதும் இப்போது பெரிய கவலை. மாண்டானாவில் ஆற்று நீர் தொடர்ந்து மூன்று நாட்கள் 73 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது ஏறக்குறைய 23 டிகிரி சென்டிகிரேடைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன் பிடிக்கத் தடை விதிப்பது வழக்கம்.

பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடுவோர் அங்கே மிகுதி. "விடுவதற்காக ஏன் பிடிக்க வேண்டும்? முள் குத்துவது மீனுக்குத் துன்பந்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, அங்குள்ளவர்களும் இதைக் கேட்டுக்கொள்கிறார்கள். கொக்கியில்லாத முள்ளைப் பயன்படுத்துவதும், கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுவதும், நீரைவிட்டு வெளியே எடுக்காமலே முள்ளை நீக்குவதும் துன்பத்தைக் குறைக்கும். ஆனால் சூடான நீரில், போராடிக் களைத்த மீன் விட்ட பிறகும் இறந்துவிடக்கூடும். அப்போது பிடிக்காமல் இருப்பதொன்றே வழி.

நீங்களே செய்து பாருங்கள்

மீனில்லாமலே வின்சென்ட் கையாண்ட எண்ணும் முறையை நீங்கள் சோதிக்கலாம். ஒரு பானையில் எண்ணாமல் நிறையப் புளியங்கொட்டைகளைப் போடுங்கள். கைநிறைய அள்ளி, எண்ணி, ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புப் பொட்டு வையுங்கள். காய்ந்ததும் பானையில் போட்டு நன்றாகக் கலக்குங்கள். பார்க்காமல் மீண்டும் அள்ளுங்கள். முதலில் பொட்டு வைத்தவற்றின் எண்ணிக்கையை இரண்டாம் முறை அள்ளியவற்றின் எண்ணிக்கையால் பெருக்கி, அவற்றுள் பொட்டு உள்ளவற்றின் எண்ணிக்கையால் வகுங்கள். பானையில் உள்ள கொட்டைகளின் தொகை ஏறக்குறைய கிடைக்கும். பிறகு எல்லாவற்றையும் எண்ணிச் சரிபாருங்கள். ஒவ்வொரு முறையும் விடை சிறிது மாறுவதையும், அதிகமாக அள்ள அள்ள விடை உண்மையை நெருங்குவதையும் காண்பீர்கள். நன்றாகக் கலக்காமல் மேலாக அள்ளினால் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள்.

அடுத்த முறை பெரியவர்களுடன் ஆற்றுக்கோ ஓடைக்கோ செல்லும்போது, ஆழமில்லாத ஓரத்தில் ஒரு கல்லை மெல்லப் புரட்டிப் பாருங்கள். அதன் அடியில் எத்தனை வகை உயிர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கல்லை இருந்தபடியே திருப்பி வைத்துவிடுங்கள்.